இரும்பு கொச்சியில், காம்பு ஊரில்

மட்டாஞ்சேரியின் மிளகு வாசனைக்கு நடுவே ஒரு கைக்கோடாலியைத் தேடிப் போன கதை

கோடாலியை எறிந்து உண்டான நாடு என்று தன்னைப் பற்றிக் கதை சொல்லிக்கொள்ளும் நாட்டுக்குக் கோடாலி வாங்கப் போனவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். பரசுராமர் வீசிய மழு விழுந்த இடம் வரை கடல் பின்வாங்கியது, அப்படி வெளிவந்த நிலம்தான் கேரளம் என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

“மட்டாஞ்சேரிக்கு வர்றவங்க மிளகு வாங்குவாங்க, ஏலக்காய் வாங்குவாங்க, பழைய உருளி வாங்குவாங்க. கோடாலி வாங்கறது நீங்க ஒருத்தர்தாம்ப்பா” என்றாள் மகள். அவளுக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஜூலை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. எர்ணாகுளத்தில் படகு ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி நடக்க ஆரம்பித்தோம்.

சிரிப்பதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. தேடுவதற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது, தஞ்சை மாவட்டத்தின் கடலோரத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. லட்சக்கணக்கான மரங்கள். விடிந்து கதவைத் திறந்தால் வாசலும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. இயந்திர ரம்பங்கள் வந்து சேரும்வரை பாதையைத் திறந்தவை அரிவாளும் கோடாலியும்தான். எங்கள் வீட்டில் அன்று ஒரு தேங்காய் அரிவாளைத் தவிர வேறு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் வேலையை முடித்துவிட்டுக் கோடாலியைத் தரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காத்திருப்பு மறக்கவில்லை.

அதன்பிறகு நகரத்துக் கடை ஒன்றில் ஒரு கைக்கோடாலி வாங்கினேன். பளபளப்பான தலை, வார்னிஷ் பூசிய காம்பு, மேலே அழகான உறை. இரண்டு மழைக்காலம் நன்றாகவே உழைத்தது. மூன்றாவது ஆண்டு சித்திரை வெயிலில் வேப்பங்கிளை ஒன்றைத் துண்டாக்கிக்கொண்டிருந்தபோது, ஓங்கிய கை லேசானது. தலை காம்பை விட்டுக் கழன்று பறந்தது. திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை மகனின் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதி, காரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் கொல்லைப்புறம் எந்தக் கருவியை எடுத்தாலும், பையனை வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுவாள். திட்டியிருந்தால் தேவலை.

பாண்டகசாலைத் தெருவில்

கடலோரமாக நடந்தால் முதலில் சீன வலைகள். தண்ணீருக்கு மேலே பிரம்மாண்டமான சிலந்திபோல மரக்கால்கள், கயிற்றில் கட்டித் தொங்கும் கனத்த கற்கள். வலை மேலே வரும்போது கற்கள் கீழே இறங்குகின்றன. எடைக்கு எடை வைத்துத் தூக்கும் கணக்கு. நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்திழுத்தால் போதும். கனத்தைக் கையால் தூக்காமல் கனத்தாலேயே தூக்க வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் கட்டியது. நல்ல கோடாலியின் சூத்திரமும் இதுதான் என்பது அன்று மாலைதான் எனக்கு விளங்கியது.

அங்கிருந்து தெற்கே பஜார் சாலை. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் ஓடு வேய்ந்த பழைய பாண்டகசாலைகள். சுக்கு, மிளகு, ஜாதிக்காய் வாசனை மழை ஈரத்தோடு கலந்து வருகிறது. மட்டாஞ்சேரியில் ஒரு மைல் நடந்தால் ஒரு டஜன் சமூகங்களைக் கடக்க வேண்டும். கொங்கணிகளின் திருமலைக் கோயில், குஜராத்திகளின் வியாபாரத் தெரு, 1568-இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி. அதன் தரையில் பதித்திருக்கும் நீலப்பூ ஓடுகள் சீனாவிலிருந்து வந்தவை. அந்தப் பள்ளியில் தொழுதவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் உருவான பிறகு அங்கே போய்விட்டார்கள். பக்கத்திலேயே மட்டாஞ்சேரி அரண்மனை. சுமார் 1555-இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் அதற்கு டச்சு அரண்மனை என்று பெயர். கட்டியவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. உள்ளே சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். வெளியிலிருந்து வந்ததை வாங்கி, உள்ளூர்க் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது இந்த ஊரின் பழக்கம்.

யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனக்கு வேண்டியது கிடைக்கும் என்று மகள் நம்பினாள். பித்தளைக் குத்துவிளக்குக்கும் மரக்குதிரைக்கும் நடுவே ஒரு பழைய மழுவும் இருந்தது. துருவை ஒழித்து எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள். சுவரில் மாட்ட அழகு. கையில் எடுத்தேன். துளைக்குள் காம்பு ஆடியது. வைத்துவிட்டேன்.

எடைபோட்டு விற்ற இரும்பு

பஜார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கயிறும் கொக்கியும் மண்வெட்டித் தலைகளும் தொங்கிய ஒரு சின்ன இரும்புக் கடை. பெயர்ப்பலகைகூட இல்லை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கலாம்.

“சேட்டா, சின்னக் கோடாலி வேணும்.”

“எந்தினா?” என்றார். எதற்கு? விலையோ அளவோ அல்ல, அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

கொல்லைப்புற வேலைக்கு, எப்போதாவது தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கும்போது அடுப்பெரிக்க என்றேன். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் தோப்பில் இரண்டு இரவு தங்குவது எங்கள் வீட்டு வழக்கம். “தென்னை உண்டோ?” என்றார். உண்டு என்றேன். எழுந்து போய் ஒரு கோடாலித் தலையையும் கொக்கிபோல நுனி வளைந்த ஒரு கனத்த கத்தியையும் எடுத்து வந்து பலகையில் வைத்தார்.

“அண்ணாச்சி, தென்னை மட்டைக்கும் ஓலைக்கும் வாக்கத்தி. விறகு பிளக்கக் கோடாலி. ஒண்ணுகொண்டு ரெண்டு பணியும் செய்தா ரெண்டும் சீத்தை.”

மலையாளிகள் வாக்கத்தி என்பது நம் வெட்டரிவாளின் ஒன்றுவிட்ட தம்பி. ஓலை, மட்டை, முள், கொடி, விரல் பருமன் கிளை எல்லாவற்றுக்கும் நீளமான மெல்லிய வாய்தான் வேண்டும். கைக்கோடாலியால் அவற்றை வெட்டினால் நார் மடங்குமே தவிர அறாது. கோடாலியின் வேலை வேறு. மணிக்கட்டுப் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரையான கட்டையைத் துண்டாக்குவது, நெடுக்காகப் பிளப்பது, முதுகால் மரமுளை அடித்து இறக்குவது. அதற்கு மேல் பருத்த மரத்துக்குப் பெரிய கோடாலியோ ரம்பமோ வேண்டும். தென்னை மட்டையைத் தவிர வேறு வேலையில்லை என்றால் கோடாலியே வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். விற்க உட்கார்ந்தவர் சொல்வது இது.

பிறகு தலையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து மிளகுக் கடையின் தராசில் வைத்தபோது 620 கிராம் காட்டியது. கைக்கோடாலிக்கு அரை கிலோவிலிருந்து 700 கிராம் வரை சரியான எடை. அதற்குக் குறைந்தால் கை வலிக்க அடிக்க வேண்டும், கூடினால் ஒரு கையால் ஓங்க முடியாது. சீன வலையின் கல்லைப்போல, கனம் விழுந்து வேலை செய்ய வேண்டும். நாம் வழிகாட்டினால் போதும்.

அடுத்து, தலையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். மணிபோல நீண்டு ஒலித்தது. விரிசல் இருந்தால் சத்தம் பொத்தென்று அடங்கிவிடுமாம். வாயின் ஓரத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு. அரம் சிரமப்பட்டுக் கொஞ்சமாகப் பிடித்தது. வழுக்கிக்கொண்டே போனால் எஃகு அளவுக்கு மீறிக் கடினம், முடிச்சில் பட்டால் வாய் சில்லு சில்லாக உதிரும். வெண்ணெய்போல அறுத்தால் தோய்ச்சல் போதவில்லை, நாலு வெட்டில் மழுங்கும்.

தோய்ச்சல் என்பதுதான் கொல்லன் தொழிலின் உயிர். இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால் கண்ணாடிபோலக் கடினமாகும், கண்ணாடிபோலவே உடையவும் உடையும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, வாயின் நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் ஊதாவுக்கும் மாறுவதைக் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைகளைப்போலவே இங்கும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைகள்தான் பெரும்பாலும் கத்தியாகவும் கோடாலியாகவும் மறுபிறவி எடுக்கின்றன. வளைந்தாலும் உடையாத எஃகு என்பதால் அதற்கு மதிப்பு.

கடைசியாக, துளை நடுவில் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துளையின் மேல்வாய் கொஞ்சம் அகன்றிருந்தது. ஆப்பு அடித்ததும் மரம் அங்கே விரிந்து பூட்டிக்கொள்ளும்.

எனக்குத் திருப்தி. “காம்பு போட்டுக் கொடுத்துடுங்க சேட்டா” என்றேன்.

அவர் வெளியே மழையைப் பார்த்தார். “எவிடெயா வீடு?” பட்டுக்கோட்டை என்றேன். தலையை ஆட்டினார். “வெளியில் போய் ஒரு தமிழ் அப்பூப்பன் உண்டு. புள்ளி எல்லாம் பறஞ்ஞு தரும்.”

அவர் சொன்ன வெளி, ஃபோர்ட் கொச்சியில் உள்ள ‘வெளி’ என்ற இடம். சலவைத் துறை இருக்கும் பகுதி.

சலவைத் துறைத் தமிழர்

ஆட்டோவில் பத்து நிமிடம். டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் துணிகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்து வந்தார்கள் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வரலாறு. 1663-இல் வந்த டச்சுக்காரர்கள் 1795-இல் ஆங்கிலேயரிடம் கொச்சியை விட்டுப் போனார்கள். வண்ணார்கள் போகவில்லை. இப்போதுள்ள கட்டடம் 1976-இல் எழுந்தது. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், பின்னால் பரந்த உலர்த்தும் வெளி. அங்கே துணிக்குக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் விடுவதில்லை.

கடைக்காரர் சொன்ன பெரியவர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கஞ்சி காய்ச்ச அவருக்கு இன்னமும் விறகுதான் வேண்டுமாம். என் கையிலிருந்த இரும்பை வாங்கிப் பார்த்தார்.

“நல்ல சாதனம் தம்பி. காம்பு போடலியா?”

“இங்கே போடச் சொன்னேன். கடைக்காரர் உங்களைப் பார்க்கச் சொன்னார் ஐயா.”

சிரித்தார். “புத்திசாலி அவன். இப்ப என்ன மாசம்? ஆடி பொறக்கப் போகுது. இங்க விறகு, சுவரு, தலையணை எல்லாத்துலயும் தண்ணி. மரமும் தண்ணியக் குடிச்சு ஊதிக் கெடக்கு. இப்பக் காம்பு போட்டா சிக்குன்னு இருக்கும். நீங்க ஊருக்குக் கொண்டு போயி, மேகாத்து அடிக்கிற வெயில்ல வச்சா மரம் இளைச்சுப் போவும். இரும்பு இளைக்காது. அப்புறம் என்ன ஆவும்?”

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சுவரில் பெயர்ந்த காரை இன்னும் பூசாமல்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பிளந்த விறகை அடுக்கினார். “தல ஆடுதுன்னு தெரிஞ்சப்ப என்ன செஞ்சீங்க?”

“ராத்திரி தண்ணியிலே ஊறப்போட்டேன். இறுகிடுச்சு.”

“அதான் தப்பு.”

எல்லா வீட்டிலும் செய்கிற தப்புதான் இது. ஊறிய மரம் உப்பி இரும்போடு நெருங்கும்போது, விரிய இடமில்லாமல் உள்ளுக்குள்ளேயே நார் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்னைவிடக் குறுகிவிடுகிறது. இன்று இறுகியதுபோலக் காட்டி, நாலு நாள் கழித்து முன்னிலும் மோசமாக ஆடும். ஆடுகிற தலைக்கு மருந்து தண்ணீர் அல்ல, புது ஆப்பு. ஆப்புக்கும் அடங்கவில்லை என்றால் புதுக் காம்பு.

“இரும்பு எந்த ஊர்லேருந்து வேணாலும் வரலாம் தம்பி. காம்பு, அது இருக்கப்போற ஊரு மரமா இருக்கணும்” என்றார். “ஊர்ல ஆசாரி இருக்காரா?”

“இருக்கார்.”

“புளியங்கட்டையோ கருவேலங்கட்டையோ, ஒரு கோடை நெழல்ல காஞ்சதாப் பாருங்க. முடிச்சு இருக்கக் கூடாது. ரேகை மேலேருந்து கீழ ஒரே ஓட்டமா ஓடணும், நடுவுல பக்கவாட்டுல வெளியேறக் கூடாது. நீளம் உங்க முழத்துக்கு நாலு விரல் கம்மி. என் முழம் இல்ல, உங்க முழம்.”

வீட்டில் அளந்து பார்த்தேன். என் கணக்கில் 38 சென்டிமீட்டர். கைக்கோடாலிக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் என்பது உலகெங்கும் சொல்லும் அளவு. பெரியவர் சென்டிமீட்டர் இல்லாமலே அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

வார்னிஷ் வேண்டாம் என்றார். வார்னிஷ் பூசிய காம்பு வியர்வையில் வழுக்கும், கொப்புளம் போடும். ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்துக் காயவைத்தால் மரத்துக்குள் இறங்கி உறையும். தேங்காய் எண்ணெய் உறையாது, பிசுக்காகவே நிற்கும். அது காம்புக்கு ஆகாது, இரும்புக்கு ஆகும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு தடவாவிட்டால் மறுநாளே துரு பூக்கும்.

கிளம்பும்போது கேட்டேன், இத்தனை தலைமுறை இங்கே இருந்து, வீட்டில் எப்படித் தமிழ் இன்னும் இருக்கிறது என்று.

“தமிழ் இருக்கு. ஆனா நீங்க பேசற தமிழ் இல்ல. இங்கத்த காத்துல காஞ்ச தமிழ்” என்றார்.

மழை வலுத்தது. ஆட்டோவில் திரும்பும்போது மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மண்டியிட்டுப் பிள

பெரியவர் விறகு பிளந்ததை அரைமணி நேரம் பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது, இத்தனை வருடம் ஓங்கி அடித்ததில் கற்றதைவிட அதிகம்.

அவர் நின்றுகொண்டு பிளக்கவில்லை. அடிக்கட்டைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பெரிய கோடாலி குறி தவறினால் தரையில் இறங்கும். கைக்கோடாலியின் காம்பு குட்டையானதால், நிற்பவன் குறி தவறினால் அது அவன் முழங்காலையோ கணுக்காலையோதான் தேடி வரும். மண்டியிட்டால் தரை குறுக்கே வந்து காப்பாற்றும்.

அவர் ஒரு கையால் விறகைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓங்கவும் இல்லை. கோடாலியின் வாயை விறகின் தலையில் பொருத்தி, இரண்டையும் சேர்த்துத் தூக்கி, சேர்த்தே அடிக்கட்டையில் இறக்கினார். வாய் உள்ளே பதிந்தது. கடைசி நொடியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பியதும் விறகு இரண்டானது. விரல் எங்கும் குறுக்கே வரவில்லை.

துண்டாக்கும்போது நேர்க்குத்தாக வெட்டினால் வாய் எம்பிக் குதிக்கும். சாய்வாக இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெட்டினால் சில்லு பெயர்ந்து வரும். விழுந்து கிடக்கும் மரத்தில் கிளை கழிக்கும்போது, கிளை ஒரு பக்கம் இருந்தால் நாம் மரத்தின் மறுபக்கம் நிற்க வேண்டும். அடிமரப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி வெட்ட வேண்டும். ரப்பர் செருப்போடு இந்த வேலையில் இறங்கக் கூடாது. கைக்கெட்டும் வட்டத்துக்கு வெளியே மட்டும் அல்ல, தலை பறந்தால் போய் விழும் திசையிலும் ஆள் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் மட்டாஞ்சேரியில் கற்கவில்லை.

சவுக்கு பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் முரண்டு பிடிக்கும். புளிய மரத்து முடிச்சோடு மல்லுக்கட்டக் கூடாது. சுற்றிப் போகலாம், குறுக்கே போக முடியாது. தென்னை வெளிப்புறம் இரும்பு, உட்புறம் பஞ்சு. வாய் சிக்கினால் வெளியே எடுப்பதற்குள் பொழுது போய்விடும். மண்ணில் புதைந்த வேரை நல்ல கோடாலியால் வெட்டினால் ஒரு மணல் துகள் போதும், வாய் போய்விடும். அதற்குப் பழைய இரும்பு ஒன்று தனியாக வேண்டும். கோடாலி முதுகில் சுத்தியலால் அடிப்பதும் கூடாது. தெறிக்கும் எஃகுத் துணுக்கு கண்ணைப் பறிக்கும்.

தீட்டுவதற்கு அரமும் சாணைக்கல்லும் போதும். இரண்டு பக்கமும் சேர்ந்து 30 டிகிரி அளவில் கூர் இருந்தால் நம் ஊர் மரத்துக்குத் தாங்கும். மின்சாரச் சாணைக்குக் கொடுத்தால் பொறி பறக்க நொடியில் தீட்டித் தருவார்கள். ஆனால் வாயோரம் நீலம் பாய்ந்துவிட்டால் கொல்லன் கொடுத்த தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். உறைக்குத் தோல் கிடைக்காவிட்டால் பாக்குமரப் பாளையை ஈரத்தில் மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

காட்டுக்குக் கொண்டு போகலாமா?

கூடாரத்தோடு கோடாலியையும் கட்டிக்கொண்டு தேக்கடிக்கோ பரம்பிக்குளத்துக்கோ முதுமலைக்கோ கிளம்ப நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தியும் அடக்கம். நம் நாட்டுக் காட்டில் கோடாலிக்கு வேலை இல்லை, விறகு பொறுக்கவும் உரிமை இல்லை. இது சொந்தத் தோப்புக்கும் கொல்லைக்குமான கருவி.

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு ஆயுத விதிகளில் விலக்கு உண்டு என்றாலும், பொது இடத்தில் வெறுமனே தூக்கிக்கொண்டு நடப்பது வம்பு. விமானத்தில் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணி போகும் ரயில் பட்டுக்கோட்டை வழியாகத்தான் போகிறது. கோணித்துணியில் சுற்றிக் கட்டி, கால் கிலோ மிளகுப் பொட்டலத்தோடு பெட்டியின் அடியில் வைத்தேன். காம்பில்லாத கோடாலி வெறும் இரும்புத் துண்டு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

குலத்தைக் கெடுக்காத காம்பு

“குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு” என்று நாம் துரோகியைத் திட்டுகிறோம். மலையாளத்திலும் ‘கோடாலிக்கை’ என்றால் அதே வசவுதான். தன் இனத்தையே வெட்டத் துணை போகிறதாம் மரம். எனக்கு இப்போது அந்த வசவில் அவ்வளவு சம்மதமில்லை. சீன வலைக்கு மலையாளக் கயிறு, போர்த்துகீசிய அரண்மனைக்குள் ராமாயணம், டச்சுக்காரன் அழைத்து வந்த வண்ணாருக்குக் கொச்சிக் காற்றில் காய்ந்த தமிழ். வெளியிலிருந்து வந்தவை இங்கே நிலைத்ததற்குக் காரணம் உள்ளூர்க் காம்பு.

ஊர் ஆசாரியிடம் இரும்பைக் கொடுத்தபோது ஆவணி. அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மழை முடிஞ்சு கோடை பொறக்கட்டும்” என்றார். வெளியின் பெரியவருக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் பெரியவரைத் தெரியாது. புளியங்கட்டை அவர் பட்டறைப் பரணில் ஏற்கனவே ஒரு வருடமாகக் காய்ந்துகொண்டிருந்தது. பங்குனியில் என் முழத்தை அளந்துவிட்டுச் செதுக்கினார். ஆண்டு வளையங்கள் கோடாலி வாயின் திசையிலேயே ஓடும்படி பார்த்துக்கொண்டார். துளைக்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு கீறல், அதில் கருவேலம் ஆப்பு. காம்பைத் தலைகீழாகப் பிடித்து அடிமுனையில் தட்டத் தட்ட, இரும்பு தானாகவே காம்பில் ஏறி உட்கார்ந்தது. கூலி வாங்கும்போது, “சித்திரை முடிஞ்சதும் ஒரு தடவை கொண்டாங்க, ஆப்பு பாக்கணும்” என்றார்.

சித்திரையில் மேல்காற்று புழுதியை வாரி அடித்த ஒரு நாள், விழுந்த வேப்பங்கிளையைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டேன். முதலில் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். காம்பைப் பிடித்து மறுமுனையை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டுக்கொண்டு அடிக்கட்டை முன்னால் மண்டியிட்டேன். சுவரில் காரை பெயர்ந்த இடம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

தங்கை மகன் கொல்லைக் கதவருகில் வந்து நின்றான். “மாமா, வரலாமா?”

“அங்கேயே நில்லு. அந்தக் கிணத்து மேடை வரைக்கும்தான்.”

சமையலறை ஜன்னலில் தங்கை தெரிந்தாள். கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொருத்தி, விறகோடு சேர்த்துத் தூக்கி, இறக்கினேன். வேம்பு இரண்டாகப் பிளந்து, கசப்பு வாசனை எழுந்தது. அடுத்த துண்டை எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். அவள் அடுப்பின் பக்கம் திரும்பியிருந்தாள். பையனை உள்ளே கூப்பிடவில்லை.